ஏழாவது சுவர்

ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். அலாரம் வைத்திருப்பது ஆறு மணிக்கு. அது அடிப்பதற்குள் அணைத்துவிடுகிறேன். பல் தேய்க்கிறேன். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. டீயை நின்றுகொண்டே குடிக்கிறேன். ரொட்டி இரண்டு துண்டு, அதுவும் நின்றுகொண்டே. செய்தித்தாளில் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் பார்க்கிறேன். நடுவில் இருப்பது எனக்குத் தேவைப்பட்டதில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்க்கிறேன். ஜன்னல் இரண்டையும் சாத்துகிறேன். கதவைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிறேன். ஏழரை மணி பஸ்.

வேலை, லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில். பழுது பார்ப்பவர்கள் வேறு. சரியாக ஓடுகிறதா என்று ஏறி இறங்கிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவது நான். "உன் வீட்டுக்காரருக்கு வேலையில முன்னேற்றம் எப்படி?" என்று ஒருவர் கேட்டதற்கு, "தினம் ஏறுறாரு, தினம் இறங்குறாரு" என்று என் மனைவி பதில் சொன்னாள். அவள் இறந்து ஏழு மாதம் ஆகிறது.

அவள் ஓவியர். ஆனால் மரமோ முகமோ அவள் வரைந்து நான் பார்த்ததில்லை. அடுத்தவர் வீட்டு டைரிகளை வாங்கி வந்து, அதை வைத்து வேலை செய்வாள். அப்பாவோ அத்தையோ எழுதி வைத்துவிட்டுப் போன டைரிகளைத் தூக்கிப் போடவும் மனசில்லாமல், வைத்துக்கொள்ளவும் இடமில்லாமல் திண்டாடுகிற வீடுகள் நிறைய இருக்கின்றன. அந்த வீடுகள் அவளைத் தேடி வந்தன.

முதலில் ஒரு பள்ளிக்கூட நோட்டில், பென்சிலால், அந்த டைரியைப் பார்த்து எழுதுவாள். அதே சாய்வு, அதே சுழிப்பு, அதே அடித்தல் திருத்தல். பதினைந்து நாள் எழுதினால் போதும், எழுதியவர் எங்கே மூச்சு விட்டார், எங்கே பல்லைக் கடித்தார் என்று கைக்குத் தெரிந்துவிடும் என்பாள். அதற்குப் பிறகுதான் ஆளுயரத் தாளை விரிப்பாள். அதில் சொல் எதுவும் இருக்காது. கை போன போக்கு மட்டும் கரியில் இருக்கும்.

டைரி கொடுத்தவர்களுக்கு அவள் கொடுத்த வாக்கு மூன்று. நோட்டில் பெயர் எழுத மாட்டாள். தேதி எழுத மாட்டாள், கிழமை மட்டும். பார்த்து எழுதி முடித்ததும் டைரியைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். எந்த நோட்டு எந்த வீட்டுடையது என்று தெரிய அட்டையிலும், பிறகு படத்தின் பின்னாலும், ஒரு துண்டு கலர்த் தாள் ஒட்டுவாள். எந்தக் கலர் யார் என்பது அவள் தலைக்குள் இருந்தது.

இந்த வேலையால் வீட்டில் ஒரு சங்கடம். அவளுடைய சொந்தக் கையெழுத்து எது என்று யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. கடைக்குப் போகும்போது கொடுக்கும் சாமான் பட்டியல் ஒரு வாரம் ரிட்டையர்டு நீதிபதி எழுதியது போல இருக்கும். அடுத்த வாரம் பயந்த கல்யாணப் பெண் எழுதியது போல இருக்கும். "இந்த வாரம் உப்பு கேக்குறது யாரு?" என்பேன். "கப்பல்ல வேலை பாத்தவரு. ரெண்டு கிலோ கேக்குறாரு, என்ன பண்றது" என்பாள்.

ஸ்டூடியோ ஒரு அச்சகத்தின் மாடியில் இருந்தது. அவளோடு அதைப் பகிர்ந்துகொண்டவர் ஒரு அண்ணன், உறவில்லை. ஐம்பது வயது. கிழிந்த கடிதங்களைக் கிழிசல் தெரியும்படியே ஒட்டி, அதைச் சட்டம் போட்டு மாட்டுவது அவருடைய கலை. மைதாவில் தானே பசை காய்ச்சுவார். அவருக்குப் 'பசை' என்று அவள் பெயர் வைத்தாள். காய்ச்சுவதால் மட்டும் இல்லை. ஒரு வீட்டுக்கு வந்தால் எழுந்து போக மாட்டார்.

பசை அண்ணன் ஒரு நாள் ஆபீசுக்கு போன் செய்தார். அவள் செய்து முடித்த படங்களை வைத்து ஸ்டூடியோவிலேயே கண்காட்சி நடத்தப்போகிறாராம். வந்து பார்க்கச் சொன்னார். போனேன்.

"தம்பி, தங்கச்சி போட்ட ப்ளான் கெடச்சிருச்சு. இங்க பாருங்க. மொத்தம் ஏழு சுவரு. ஆறுல கலர் அடிச்சிருக்கு. ஆறு வீடு, ஆறு படம். படம் எல்லாம் ரெடி. ஏழாவதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

'என்னுடையது' என்று இருந்தது.

"அவ டைரி எழுதுறதில்லண்ணே" என்றேன். நான் கேட்டிருக்கிறேன். எனக்கு நடந்தது எனக்கே தெரியுமே, அதை வேற எழுதணுமா என்று சிரித்தாள்.

"எழுதாமயா ஒரு சுவரையே ஒதுக்கி வச்சிருக்கும்? இங்கதான் எங்கயாவது இருக்கும். தேடுவோம்."

சுற்றிப் பார்த்தேன். உள் அறையில் தரையிலிருந்து கூரை வரை அட்டைப் பெட்டிகள். அவற்றில் எத்தனையோ கணவன்மார் குடியிருந்தார்கள். குறட்டை விட்டவர்கள், கஞ்சர்கள், குளியலறையில் பாடியவர்கள், சொல்லாமல் போனவர்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் யாரோ ஒருத்தி உட்கார்ந்து நாலு வரி எழுதியிருந்தாள். என்னைப் பற்றி ஒரு வரி கிடைத்தால் போதும் என்று இருந்தது. திட்டியிருந்தாலும் பரவாயில்லை. ஏழு மாதத்தில் எனக்கு எதுவும் வேண்டும் என்று தோன்றியது அதுதான் முதல் தடவை.

மூன்று ஞாயிற்றுக்கிழமை தேடினோம். மச்சினியும் வந்தாள். அவளுக்கு மருந்துக்கடையில் வேலை. "டாக்டர் கையெழுத்தையே படிக்கிறவ நான். எங்கக்கா கையெழுத்தெல்லாம் எந்த மூலைக்கு?" என்று சொல்லிக்கொண்டுதான் பெட்டியைத் திறந்தாள். ஆறு வீட்டு நோட்டுகளில் ஐந்து கிடைத்தன. பழுப்பு ஒட்டிய நோட்டு மட்டும் இல்லை. எங்கேயாவது இருக்கும் என்று விட்டுவிட்டோம்.

மூன்றாவது ஞாயிறு மத்தியானம் மச்சினி ஒரு நோட்டை எடுத்தாள். அட்டையில் கலர் எதுவும் இல்லை. பிரித்து இரண்டு பக்கம் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி நோட்டைப் பார்த்தாள்.

"அத்தான், உக்காருங்க."

"சும்மா படி."

"உக்காந்தாத்தான் படிப்பேன்."

உட்கார்ந்தேன். படித்தாள்.

*செவ்வாய். இன்றும் பூட்டை மூன்று தடவை இழுத்தார். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தடவை. இந்த இழுப்புக்குப் பூட்டே ஒரு நாள் கையோடு வந்துவிடும். அன்றைக்குத் திருடனுக்கு வேலை மிச்சம்.*

பசை அண்ணன் கிண்டிக்கொண்டிருந்த ஸ்பூனைப் பசை வாளியிலேயே போட்டார்.

*வெள்ளி. எது சொன்னாலும் 'ம்'. சோதித்துப் பார்த்தேன். நேற்று சந்தையில் ஒரு யானை வாங்கினேன் என்றேன். 'ம்' என்றார். எங்கே கட்டியிருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை.*

*ஞாயிறு. கோபம் வந்தால் பேச மாட்டார், பாத்திரம் கழுவுவார். ஒரு சண்டை போட்டால் அடுப்படி பளபளவென்று ஆகிவிடுகிறது. வாரம் ஒரு தடவை போடலாம் என்று இருக்கிறேன்.*

"இதுக்கு மேல ஆதாரம் வேணுமா?" என்றாள் மச்சினி. "அத்தான், யானை எங்க?"

"ம்" என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. அவர்கள் இருவரும் சிரித்ததில் கீழே அச்சகத்தில் மிஷினை நிறுத்திவிட்டு என்ன என்று கேட்டார்கள்.

ஒரே ஒரு இடம் இடித்தது. *புதன். மூக்குக்கண்ணாடியை வீடு முழுக்கத் தேடினார். நெற்றியில் இருந்தது. சொல்லாமல் அரை மணி நேரம் வேடிக்கை பார்த்தேன்.* நான் கண்ணாடி போடுவதில்லை.

"அக்கா கொஞ்சம் கலந்து விட்டிருப்பா" என்றாள் மச்சினி.

"கலைஞர்னா அப்படித்தான் தம்பி. இந்த மூஞ்சிக்கு ஒரு கண்ணாடி இருந்தா எடுப்பா இருக்கும்னு தங்கச்சிக்குத் தோணியிருக்கும். எனக்கே தோணியிருக்கு."

நோட்டை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். தினம் காலையில் ஒரு பக்கம் படித்தேன். அதற்காக உட்கார வேண்டி இருந்தது. டீயும் உட்கார்ந்தே குடித்தேன். நான் பூட்டை மூன்று தடவை இழுப்பவன். நோட்டில் நான்கு என்று இருந்தது. மறுநாளிலிருந்து தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நான்காவது தடவையும் இழுத்தேன். பஸ் இரண்டு நாள் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை கண் டாக்டரிடம் போனேன். எல்லா எழுத்தையும் படிக்கச் சொன்னார். கடைசி வரியில் இருந்த பொடி எழுத்து வரை படித்தேன். பார்வை சுத்தமாக இருக்கிறது என்றார். ஏமாற்றமாக இருந்தது. இதை மச்சினியிடம் சொன்னது என் தப்பு.

ஏழாவது சுவருக்கு அந்த நோட்டிலிருந்தே ஒரு வரியை எடுத்தோம். எடுத்தது நான். பசை அண்ணன் ஏணியில் ஏறி, முழ உயர எழுத்தில், அதே சாய்வில், பென்சிலால் சுவரில் எழுதினார்: *இந்த மனிதரை வைத்துக்கொண்டு ஒழுங்காக அழவும் முடியாது. முகத்தைப் பார்த்தால் சிரிப்பு வந்துவிடுகிறது.*

திறப்புக்கு ஒரு வாரம் முன்பு டைரி கொடுத்த வீட்டாரை வரச் சொல்லியிருந்தோம். எந்தப் படம் எந்த வீடு என்று எங்களுக்குத் தெரியாததால், அவரவர் டைரியையும் எடுத்து வரச் சொல்லியிருந்தார் பசை அண்ணன். டைரியையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கலர் பிடிபட்டுவிடும். படத்தைப் பார்த்து அவர்கள் சம்மதம் சொன்னால்தான் மாட்ட முடியும். ஐந்து வீட்டார் வந்து, பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். நீதிபதியின் மகன் மட்டும் தன் அப்பாவின் படத்தைத் தலைகீழாகப் பார்த்து மெச்சினார்.

ஆறாவதாக வந்தவர் ரிட்டையர்டு கணக்கு டீச்சர். துணிப்பை வைத்திருந்தார். பழுப்புப் படத்தின் முன்னால் ஐந்து நிமிடம் நின்றார். "எங்கம்மா கைதான்" என்றார். பிறகு ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டே ஏழாவதுக்கு வந்தார். படித்தார். சிரித்தார்.

"இத இவ்வளவு பெருசா எழுதியிருக்கீங்களே. எங்கப்பா இருந்தா வெக்கப்பட்டு வெளிய ஓடியிருப்பாரு."

மச்சினி என் கையில் இருந்த நோட்டைப் பார்த்தாள்.

"டீச்சர், இது நாங்க..." என்று ஆரம்பித்தார் பசை அண்ணன்.

டீச்சர் பையிலிருந்து டைரியை எடுத்து, பக்கம் தேடாமல் நேராக அந்த இடத்தைப் பிரித்தார். அதே சாய்வு. அதே சுழிப்பு. 'ஒழுங்காக' என்ற சொல்லை முதலில் தப்பாக எழுதி அடித்திருந்ததுகூட அப்படியே. நான் வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த நோட்டைப் பக்கத்தில் வைத்தேன்.

"யானை?" என்றாள் மச்சினி. குரல் சின்னதாகிவிட்டது.

"அதயும் படிச்சாச்சா? எங்க வீட்டுல யானை ரொம்பப் பிரபலம். அப்பா பின்னாடி ஒரு நாள் இந்த டைரியப் பாத்துட்டாரு. அதுலேந்து தினம் சாப்பிட உக்காரும்போது 'யானைக்குத் தீனி வச்சியா'ன்னு கேப்பாரு. ரெண்டு பேருமா நாப்பது வருஷம் அத வளத்தாங்க."

"பாத்திரம் கழுவினது?"

"கழுவுவாரு. யாரும் பாக்கக் கூடாதுன்னு கதவச் சாத்திட்டுக் கழுவுவாரு."

பசை அண்ணன் உள்ளே போனார். அந்த நோட்டு இருந்த பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினார். அடியிலிருந்து பழுப்புத் தாள் ஒரு துண்டு விழுந்தது. அதைக் கொண்டு வந்து நோட்டு அட்டையில் வைத்தார். அட்டையில் இருந்த லேசான சதுரக் கறையில் அச்சாகப் பொருந்தியது.

"பசை விட்டுருச்சு" என்றார்.

"யாரு காய்ச்சின பசை?" என்றாள் மச்சினி.

"நான்தாம்மா. இருபது வருஷமாக் காய்ச்சுறேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சாய்வப் பாத்தாவது கண்டுபிடிச்சிருக்கணும். படம் அங்கயே சாத்தி வச்சிருக்கு."

ஒரு நோட்டு குறைகிறது என்று தெரியும். ஒரு நோட்டு கூடுதலாக இருக்கிறது என்றும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றக் கூடாது என்று நான் இருந்திருக்கலாம்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர் நீங்கதானே? இது உங்களப் பத்தின்னு நெனச்சீங்களா?"

"ம்."

"எங்கப்பா சோடாபுட்டிக் கண்ணாடி. நீங்க கண்ணாடி போடலியே?"

"அதுக்குத்தான் டாக்டர்கிட்டப் போயிட்டு வந்தாரு" என்றாள் மச்சினி. "குடுக்க மாட்டேன்னுட்டாரு."

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு பொத்திய கையை எடுத்துவிட்டு நன்றாகவே சிரித்தார். எனக்கும் வந்தது. பசை அண்ணன் கடைசியாகச் சேர்ந்துகொண்டார். அவருக்குத்தான் சிரிப்பு நிற்க நேரமானது.

"சுவத்துல இருக்குறது அப்படியே இருக்கட்டுமே. எங்கம்மா ஒண்ணும் சொல்ல மாட்டா" என்றார் டீச்சர், கையெழுத்துப் போட்டுவிட்டு. "எங்கப்பாவ வேணும்னா நீங்க வச்சுக்கோங்க தம்பி. நல்ல மனுஷன். பூட்டு மட்டும் அடிக்கடி மாத்தணும்."

வேண்டாம் என்றேன். அந்தச் சுவர் அவளுடையது என்று ப்ளானில் இருந்தது. டீச்சரின் அம்மாவுக்கு ஏற்கெனவே ஒரு சுவர் இருக்கிறது.

டீச்சர் போன பிறகு நானே ஏணியில் ஏறி அழித்தேன். முழ உயர எழுத்து. ரப்பர் மூன்று தீர்ந்தது. இரண்டாவது வரிக்கு வரும்போது கை ஒரு மாதிரி பழகிவிட்டது. கீழே மச்சினி ரப்பர் தூளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்ப என்ன பண்றது? வெறும் சுவரா விட்டுரலாமா?" என்றாள்.

"விட்டா வர்றவன் காலண்டர் மாட்டுவான்" என்றார் பசை அண்ணன். "தம்பி, எழுதினது ஒண்ணும் இல்லன்னாலும் சொன்னது இருக்கே. ஆஸ்பத்திரில தங்கச்சி கடைசியா உங்ககிட்ட சொன்னது. 'பசை அண்ணன வேலைய முடிக்கச் சொல்லுங்க'ன்னு சொன்னதா நீங்கதானே எனக்குச் சொன்னீங்க? அதப் போடுவோம். என் பேர எடுத்துட்டுப் போடுவோம்."

மச்சினி துடைப்பத்தை நிறுத்தினாள்.

"அத்தான் உங்ககிட்ட அப்படியா சொன்னாரு? எங்க வீட்டுல வேற மாதிரி சொன்னாரே. 'அம்மாவப் பாத்துக்கோங்க'ன்னு சொல்லிட்டுக் கண்ண மூடினதா."

இருவரும் ஏணியில் இருந்த என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஆபீஸ்ல என்ன சொன்னீங்க அத்தான்?"

"ஒண்ணும் பேசலன்னு சொன்னேன்."

"ஆக மூணு. உங்க கம்பெனி லிஃப்ட்டு மாதிரி. மாடிக்கு மாடி வேற கதவு தொறக்குது." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "அம்மா நம்பிட்டாங்க. நான் அன்னிக்கே நம்பல. எங்கக்கா அப்படியெல்லாம் பேசுற ஆளா? ஜுரம் வந்தாக்கூட ஒழுங்கா அனத்தத் தெரியாது அவளுக்கு. நிஜமா என்னதான் சொன்னா?"

கேட்டவர்கள் எல்லாரும் எதையோ எதிர்பார்த்துக் கேட்டார்கள். அத்தைக்கு ஒன்று தேவையாக இருந்தது, கொடுத்தேன். பசை அண்ணனுக்கு ஒன்று தேவையாக இருந்தது. நிஜத்தைச் சொன்னால் யாருக்கும் உதவாது என்று நினைத்தேன். அதோடு, அது எனக்குச் சொன்னது. என்னைப் பற்றிச் சொன்னது. அந்த மூன்று வாரமும் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்துத் தேடியபோது இது என்னிடம் இருப்பது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை.

"சிரிக்கக் கூடாது" என்றேன்.

"சிரிக்கிற மாதிரி இருந்தா சிரிப்பேன்" என்றாள் மச்சினி.

ஏணியை விட்டு இறங்கினேன். சொன்னேன்.

விடியற்காலையில் தலைவலி என்று எழுந்தாள். அவளுக்குத் தலைவலி வருவதில்லை. இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இருட்டில் கைக்குக் கிடைத்ததை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மூளையில் ரத்தம் என்றார்கள். உடனே ஆபரேஷன் என்றார்கள். தள்ளுவண்டியில் படுக்க வைத்து, தியேட்டர் வாசலில் ஓரமாக நிறுத்தினார்கள். நான் ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். ஒரு கண்ணைத் திறந்தாள். என்னை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். தலைமாட்டில் ஒரு நர்ஸ் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

அவள் சொன்னாள். சொன்னதைச் செய்யப் போனேன். வராந்தாவின் அந்தக் கோடியில் ஆண்கள் கழிப்பறை. போய் வர மூன்று நிமிடம் ஆகியிருக்கும். திரும்பி வந்தபோது வண்டி இல்லை, கதவு சாத்தியிருந்தது, மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு நாலு நாள் இருந்தாள். பேசவில்லை.

பசை அண்ணன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். சுவரைக் கையால் ஒரு தடவை துடைத்தார்.

"தங்கச்சி கையெழுத்து எதுன்னு தெரியல. என் கையெழுத்துலயே எழுதுறேன். மெதுவா சொல்லுங்க, ஒரு வார்த்த விடாம."

சொன்னேன்.

"சட்டையத் திருப்பிப் போட்டிருக்கீங்க. தையலெல்லாம் வெளிய தெரியுது. அந்த நர்ஸம்மாவும் எவ்வளவு நேரந்தான் சிரிப்ப அடக்குவாங்க? போய் சரி பண்ணிட்டு வாங்க."